முதல் பஸ்ஸுக்கு எதிரே ஓர் எண்ணெய் டின்

என் தங்கை ஷாஜாதியைக் கட்டிய பஷீருதீன் ஆள் ஒல்லி, பேச்சும் ஒல்லி. கோபம் மட்டும் கனம். எனக்குக் கோபம் வந்தால் கையில் இருக்கிற ஸ்பானரை விட்டெறிந்துவிட்டு அடுத்த நிமிஷம் டீ குடிக்கப் போய்விடுவேன். என்னைக் கேட்டால் கோபம் அப்படித்தான் இருக்க வேண்டும். அவர் அப்படியில்லை. ஒரு கோபத்தை எடுத்து உள்ளே வைத்தாரென்றால் அதைத் தினமும் துடைத்து, துரு ஏறாமல் பார்த்துக்கொள்வார். என் சைக்கிள் கடை செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே இருந்ததால் அதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

அவருக்குத் தொழில் எண்ணெய். படாளத்தில் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் வாங்கி வைத்துக்கொண்டு, சைக்கிள் கேரியரின் இரண்டு பக்கமும் டின்களைக் கட்டி, திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரைக்கும் போவார். சில நாள் அங்கிருந்து கடலோரமாகவே மாமல்லபுரம் போய்த் திரும்புவார். குப்பத்துப் பெண்கள் மீனைக் கழுவி மசாலா தடவி வைத்துவிட்டு அவர் மணிச்சத்தத்துக்குக் காத்திருப்பார்களாம். அவர் அளவு குறைந்தது என்று ஒருத்தியும் சொன்னதில்லை.

லோடு சைக்கிள் ஓட்டிப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐம்பத்து மூன்று, நான்காம் வருஷங்களில் அந்த ரோட்டில் தார் என்பது ஒரு பஸ் போகிற அகலம்தான். இரண்டு பக்கமும் மண். தாருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் பள்ளம். பின்னால் ஹாரன் கேட்டால் சைக்கிள்காரன் மண்ணில் இறங்கி நிற்க வேண்டும். இது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் எல்லோரும் இறங்கினோம். வெறும் சைக்கிள் என்றால் குதித்துவிடலாம். டின் கட்டிய சைக்கிளை அப்படி இறக்கினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து அன்றைய பிழைப்பு முழுக்க மண்ணுக்குப் போய்விடும். பிரேக் பிடித்து, காலை ஊன்றி, முன்சக்கரத்தை முதலில் இறக்கி, பிறகு பின்சக்கரத்தைத் தாங்கி இறக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டும். லாரிக்காரர்களில் நல்லவர்கள் கொடுப்பார்கள். கோதண்டராமன் கொடுக்கமாட்டான்.

கோதண்டராமன் முத்துசாமி முதலாளியின் பஸ்ஸுக்கு டிரைவர். காலையில் செங்கல்பட்டிலிருந்து சதுரங்கப்பட்டினத்துக்குக் கிளம்புகிற முதல் பஸ் அவனுடையது. அந்தக் காலத்தில் டிரைவர் என்றால் சும்மாவா? அவன் வந்தால் டீக்கடை பெஞ்சில் இருப்பவன் எழுந்து இடம் விடுவான். அவன் டீக்கு மட்டும் சர்க்கரை ஒரு கரண்டி கூட. வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டானென்றால் தாசில்தாரே வந்து கூப்பிட்டாலும் இறங்கமாட்டான், ஜன்னல் வழியாகத்தான் பேச்சு. ரப்பர் ஹாரனை அமுக்குகிறபோது அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகவே அவனை அறையலாம்.

அன்றைக்குத் திருக்கழுக்குன்றம் தாண்டி, புளியமரங்கள் வரிசையாக நிற்கிற இடம். பின்னால் ஹாரன் கேட்டது. பஷீருதீன் வலது கையை நீட்டி, கொஞ்சம் பொறு என்று காட்டினார். பிரேக்கைப் பிடித்து இடது காலை மண்ணில் ஊன்றினார். முன்சக்கரமும் மண்ணில் இறங்கிவிட்டது. வலது கால் மட்டும் இன்னும் தாரில் இருந்தது. பஸ் அந்தக் காலின் மேல் ஏறிப் போனது.

ஏறிப் போனது, நிற்கவில்லை. கண்டக்டர் சின்னராசு பின்பக்கம் எட்டிப் பார்த்ததை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். அப்படியும் நிற்கவில்லை. கடலோரத்திலிருந்து சவுக்கு விறகு ஏற்றி வந்த முனிசாமி என்கிற வண்டிக்காரர்தான் பாதி விறகை ரோட்டோரம் தள்ளிவிட்டு, அவரைத் தூக்கிப் போட்டு, மாட்டை விரட்டிச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அந்த மனுஷன் நன்றாயிருக்க வேண்டும். பாதத்தில் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். குதிகால் மிஞ்சியது.

நான் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கடைக்குத் திரும்பி வந்தபோது கோதண்டராமன் டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"காலீல ஸ்டாண்டுலயே அந்த பாய் எண்ணெ டின்னோட எதுக்க வந்தான்பா. அப்பவே நெனச்சேன், இன்னிக்கி இன்னாவோ ஆவப் போவுதுன்னு. எண்ணெ எதுக்க வந்தா வண்டி எப்டி ஒயுங்கா போவும்? தானா அந்தப் பக்கம் இய்த்துக்குது. நான் இன்னா பண்ணுவேன்?"

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பொய் சொல்கிறான் என்று தெரிந்து தலையாட்டியிருந்தால்கூட இரண்டு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு விட்டிருப்பேன். எண்ணெய்க்குடம் எதிரே வந்தால் போகிற காரியம் விளங்காது என்று ஊரே நம்பியது. பஸ்ஸில் இருந்த பிரயாணிகளும் போலீஸ் ஸ்டேஷனில் அதைத்தான் சொன்னார்கள். எண்ணெய்க்காரர் குறுக்கே வந்தார், வண்டி இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான். கேஸ் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தவரிடம் போய்ச் சொன்னேன். கட்டுப்போட்ட காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எண்ணெயாலன்னா சொன்னான்?"

"ஆமா."

"அவனே சொன்னானா மச்சான், இல்ல எவனாச்சும் கட்டிவுட்டதா?"

"என் காதால கேட்டேன்."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நடக்கப் பழகியதும் என் கடைக்கு வந்தார். நான் உள்ளே போய் ஓர் இரும்புக் கம்பியை எடுத்து வந்து முன்னால் வைத்தேன். ராத்திரி அவன் வீட்டுக்குப் போகிற சந்து எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். அவர் அந்தக் கம்பியைத் தொடக்கூட இல்லை.

"இதெல்லாம் எதுக்கு? அவன அடிக்கிறதுக்கு இன்னா வேணும்னு அவனே சொல்லிக் குடுத்துட்டான். நீ சைக்கிள சரி பண்ணிக் குடு."

பழைய டயரை வெட்டி வலது பெடலில் ஒரு பட்டை தைத்துக் கொடுத்தேன். குதிகாலை அதில் சொருகிக்கொண்டால் ஏதோ கொஞ்சம் மிதிக்கலாம். மிதி முழுக்க இடது காலுக்குத்தான். தெருவில் விழுந்து எழுந்து பழகினார். ஷாஜாதி கதவுக்குப் பின்னால் நின்று அழுவாள். அவர் அவளைத் திரும்பிப் பார்க்கமாட்டார், மறுபடி ஏறுவார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கோதண்டராமன் சீட்டை விட்டு இறங்க வேண்டும். ஸ்டாண்டில் எல்லோர் எதிரிலும் நின்று, நான்தான் ஏற்றினேன், நிற்காமல் போனேன், எண்ணெய் மேல் பழி போட்டேன் என்று வாயால் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் விடுவதில்லை என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

முதல் நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காலையில் பஸ் நிறைந்துவிட்டது. கோதண்டராமன் வழக்கம்போலக் கற்பூரம் காட்டி, முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஏறி உட்கார்ந்தான். சின்னராசு முன்னால் போய்க் கம்பியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பினான். வண்டி அசையப் போகிற நேரத்தில் டிங் என்று ஒரு மணி. ஸ்டாண்டு வாசலில் பஷீருதீன் இரண்டு பக்கமும் டின் தொங்க, நேர் எதிரே சைக்கிளை மெல்ல உருட்டிக்கொண்டு வந்தார்.

"எண்ணெ... நல்லெண்ணெ..."

கோதண்டராமன் முகம் செத்துப்போனது. எஞ்சினை நிறுத்தினான். சகுனம் தப்பினால் ஒரு வாய் தண்ணீர் குடித்து, சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து கிளம்ப வேண்டும் என்பது முறை. அப்படியே செய்தான். மறுபடி கற்பூரம், மறுபடி எலுமிச்சை, மறுபடி சின்னராசு கம்பியைச் சுற்றினான். ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு பஷீருதீன் மறுபடி எதிரே வந்தார். நான் கடையில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு டியூபில் இரண்டு இடத்தில் தப்பாக ஒட்டிவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மழை நாளில் டின்னுக்கு மேல் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு வந்தார். காய்ச்சல் நாளில் வந்தார். முதல் பஸ் கிளம்பத் தாமதம் ஆக ஆக, வேறொரு முதலாளியின் பஸ் முன்னால் போய் வழியில் நிற்கிற ஆட்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. முத்துசாமி முதலாளி ஸ்டாண்டுக்கே வந்து டிரைவரைத் திட்டினார். திட்டு என் கடைவரை கேட்டது, காதுக்குத் தேனாக இருந்தது.

கோதண்டராமன் போலீஸிடம் போனான். எண்ணெய் விற்பது குற்றமா என்று அவர்கள் சிரித்து அனுப்பிவிட்டார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வண்டியை எடுத்துப் பார்த்தான். வாசல் வரைக்கும் சின்னராசு பக்கத்தில் நின்று, இப்படி ஒடி, அப்படி ஒடி என்று வழி சொல்லுவான். பஷீருதீன் மணியை அடித்து, "எண்ணெ..." என்று குரல் கொடுப்பார். மூடின கண்ணுக்கு என்ன பிரயோஜனம், காது இருக்கிறதே. ஒருநாள் அப்படிப் போய் டீக்கடைப் பந்தல் காலை இடித்துச் சாய்த்தான். அன்றைக்கு டீக்கடைக்காரர் என் கடைக்கு வந்து எனக்கு ஓசியில் டீ கொடுத்தார். பந்தல் போனாலும் டிரைவரின் அந்த முகத்தைப் பார்த்தது அவருக்கு லாபம்தான் போலிருக்கிறது.

எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வாசலில் பஷீருதீனைப் பிடித்துக்கொண்டார்.

"சகுனத்தை நம்புறது நமக்கு ஆகாதுன்னு தெரியாதா உனக்கு?"

"நான் எங்க ஹஜ்ரத் நம்புறேன்? அவன்தான் நம்புறான்."

ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒருநாள் சின்னராசு தூது வந்தான். என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பஷீருதீன் காலைப் பார்க்காமல் பேசினான்.

"அண்ணாத்த, பேஜாரா கீது. தெனம் மொதலாளி கத்துறாரு. உனக்கு இன்னாதான் வோணும், சொல்லு."

பஷீருதீன் சொன்னார். இறங்க வேண்டும், எல்லோர் எதிரிலும் சொல்ல வேண்டும். சின்னராசு போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான்.

"எண்ணெக்காரனுக்காக நான் சீட்ட வுட்டு எறங்கணுமான்னு கேக்குறாரு."

"எறங்குவான்," என்றார் பஷீருதீன்.

ஆனால் கோதண்டராமன் வேறொரு வழி கண்டுபிடித்தான். தன் பெண்டாட்டியை ஸ்டாண்டுக்கு வரவழைத்தான். அவள் பெயர் வேண்டா. நெற்றி நிறையக் குங்குமம், சாந்தமான முகம். விடிந்ததும் குளித்து, குழாயடியில் குடம் நிறையத் தண்ணீர் பிடித்து, இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு எதிரே வந்து நின்றாள். சுமங்கலி, அதுவும் நிறைகுடத்தோடு. அதற்கு மேல் நல்ல சகுனம் ஏது? எண்ணெய் டின்னெல்லாம் அதற்கு முன்னால் நிற்குமா? கோதண்டராமன் அவளைப் பார்த்தபடியே வண்டியை எடுத்தான். போகிற போக்கில் பஷீருதீன் காதோரமாக ஹாரனை அமுக்கினான். பழைய சிரிப்பு திரும்பி வந்துவிட்டது.

அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு காலையிலும் ஸ்டாண்டு வாசலில் ஒரு பக்கம் வேண்டா குடத்தோடு நிற்பாள், ஒரு பக்கம் பஷீருதீன் டின்னோடு நிற்பார். பஸ் இரண்டு பேருக்கும் நடுவே ஜம்மென்று போகும். அந்த இரும்புக் கம்பி இன்னும் கடைக்குள்ளேதான் இருக்கிறது என்று நான் ஞாபகப்படுத்தினேன். அவர் கம்பியை எடுக்கவில்லை. ஆனால் வருவதையும் நிறுத்தவில்லை. தோற்றுப்போனது தெரிந்தும் தினம் வந்து நிற்கிறவரைப் பார்க்க எனக்கே எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் பஸ் போன பிறகு வேண்டா குடத்தைத் தரையில் இறக்கி வைத்தாள். பஷீருதீனிடம் திரும்பினாள்.

"பாய், ஒண்ணு கேக்கட்டா? உனக்கு மனசாட்சி கீதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீயா வந்து வண்டில வுயுந்த. அப்டியும் எங்க வூட்டுக்காரரு வண்டிய நிறுத்தி, பஸ்ல இருந்தவங்கள எறக்கிவுட்டு, உன்ன கைல தூக்கி வச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டாந்தாரு. உன் ரத்தம் பட்ட சட்டைய நான்தான் தொவச்சேன்னா பாத்துக்கோயேன். அந்த மனுசனுக்குப் போயி இப்டி பண்றியே."

பஷீருதீன் அப்படியே நின்றுவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. கடையிலிருந்து இறங்கிப் போய் அவள் முன்னால் நின்றேன்.

"யாரும்மா இட்டாந்தது? உன் புருசன் வண்டிய நிறுத்தவே இல்ல. சவுக்கு ஏத்திக்கினு வந்த முனிசாமி இட்டாந்தாரு. உன் வூட்டுக்காரரு சட்டைல ரத்தம் எங்கேந்து வந்துச்சோ, அன்னிக்கி சாயங்காலம் வாரச்சந்தைல கோயி வாங்கி அறுத்தாரான்னு கேளு."

"பொய் சொல்றீங்க."

"சின்னராச கேளு. பின்னாடி எட்டிப் பாத்தவன் அவன்தான்."

அவள் போகவில்லை. பஸ் ஒரு நடை போய்விட்டுத் திரும்புகிறவரை குழாயடி நிழலில் உட்கார்ந்திருந்தாள். சின்னராசு இறங்கியதும் அவனிடம் நேராகப் போய் ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை. சின்னராசு தரையைப் பார்த்தபடி நின்றான். அவ்வளவு நேரம் தரையைப் பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. வேண்டா குடத்தை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

மறுநாள் காலை பஸ் நிறைந்திருந்தது. திருக்கழுக்குன்றம் கோயிலுக்குப் போகிறவர்கள் வேறு தொத்திக்கொண்டு நின்றார்கள். எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, கற்பூரம் எரிந்தது. பஷீருதீன் ஒரு பக்கம் வந்து நின்றார். வேண்டா இடுப்பில் குடத்தோடு வந்தாள். கோதண்டராமன் அவளைப் பார்த்துத் தலையசைத்தான். அவள் பஸ்ஸுக்கு நேர் முன்னால் வந்து, குடத்தை இடுப்பிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

கட்டின பெண்டாட்டியே வெறுங்குடத்தோடு எதிரே வந்து நின்றால் எவன் வண்டி எடுப்பான்? ஒரு கிழவர் ஜன்னல் வழியாகத் தன் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தார். அவள் குடத்தை முன்சக்கரத்துக்கு எதிரே தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னாடி பண்ற? பைத்தியமா உனக்கு?" என்றான் கோதண்டராமன் ஜன்னல் வழியாக.

"எறங்கு."

"வூட்டுக்குப் போடி. அப்பால பேசிக்கலாம்."

"ஆட்டு ரத்தமோ கோயி ரத்தமோ, அத தொவச்சிட்டு என் புருசன் மாதிரி உண்டான்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன். தெனம் கொடம் தூக்கிக்கினு வந்து உனக்காக நின்னேன். இப்ப எறங்கி வந்து சொல்லு. யாரு இட்டாந்தது இவர?"

அவன் இறங்கினான். அந்தப் படியில் அவன் கால் வைத்ததைப் பார்க்க நான் எவ்வளவு நாள் காத்திருந்தேன் என்பது எனக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. பஷீருதீனுக்கு எதிரே வந்து நின்று வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தான்.

"கடேசி சீட்டுல கீறவங்களுக்குக் கேக்கல," என்றார் பஷீருதீன்.

"நான்தான் ஏத்தினேன். நிக்காம பூட்டேன். வண்டிக்காரரு இட்டாந்தாரு."

"எண்ணெ?"

"எண்ணெ ஒண்ணும் பண்ல."

வேண்டா குனிந்து குடத்தை எடுத்தாள். புருஷன் முகத்தையும் பார்க்கவில்லை, பஷீருதீன் முகத்தையும் பார்க்கவில்லை. குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அடுப்பில் உலை வைக்கிற நேரம்.

பஷீருதீன் குதிகாலை டயர்ப் பட்டைக்குள் சொருகி, சைக்கிளில் ஏறினார். பஸ்ஸுக்கு முன்னாலேயே ரோட்டுக்கு வந்தார். மண்ணோரமாகப் போகவில்லை, தாரின் நட்ட நடுவில் போனார். இடது கால் மிதித்தால் வண்டி ஓர் இழுப்பு நகரும், மறுபடி மிதிக்கிறவரை காத்திருக்கும். பின்னால் பஸ் அதே கதியில் உருண்டது. அதில் போனவர்கள் பிற்பாடு சொன்னார்கள், திருக்கழுக்குன்றம் தாண்டியும் கோதண்டராமன் ஹாரன் பக்கம் கை கொண்டுபோகவே இல்லை என்று. புளியமரங்களுக்குக் கீழே, அந்த இடத்தில், எண்ணெய்க்காரர் வேண்டுமென்றே இன்னும் மெதுவாகப் போனாராம். திரும்பிப் பார்க்கவும் இல்லையாம்.

சாயங்காலம் காலி டின்களோடு கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நாலு பேருக்குச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். பெடலில் பட்டை அறுந்திருந்தது, புதுசு தைக்கச் சொன்னார்.

"அதான் சொல்லிட்டான்ல மச்சான். ஊரே பாத்துது," என்றேன். "இனிமே வுட்டுடலாம்."

அவர் செருப்பைக் கழற்றி, காலில் சுற்றிய துணியை அவிழ்த்து, இல்லாத விரல்கள் இருந்த இடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"சொன்னான். விரலு மொளச்சிடுச்சா?"

நான் டயரை எடுத்து, போன தடவையைவிடத் தடிமனாக ஒரு பட்டை வெட்டினேன். மறுநாள் காலையிலும் முதல் பஸ்ஸுக்கு முன்னால், தாரின் நடுவில், அவர்தான் போனார்.